பச்சை மலையா, ரயில் சந்திப்பா?

சென்னை சென்ட்ரல்

ஆண்டு மாநாட்டுக்கு இடம் தேடும் நிறுவனங்கள் சில வருடங்களாக ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கின்றன: அந்த இடம் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா? பதிலாக வந்து குவியும் வண்ணப் பிரசுரங்களில் தேயிலைச் சரிவு இருக்கும், காயல் இருக்கும், மூங்கில் நாற்காலி போட்ட ஒரு தாழ்வாரமும் தவறாமல் இருக்கும். மரம் அதிகம் தெரிகிற இடமே பசுமையான இடம் என்று எல்லாரும் பேசாமலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சென்னை, பெங்களூரு, கொச்சி, மதுரை என்று நான்கைந்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இருநூறு பேரை இரண்டு நாள் கூட்டிவைக்க நினைத்தால், பேச்சில் முதலில் அடிபடும் பெயர்கள் உதகை, கொச்சி, குமரகம். இந்த மூன்றையும் தொட்டுச் செல்லும் ரயில் பாதை சென்ட்ரலிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பாதையில் போனால் அந்த ஒப்புதல் எங்கெங்கே கழன்றுகொள்கிறது என்பது தெரியும்.

முதலில் எடை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டுக் கூட்டம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. வந்தவர்கள் சுமார் 28,000 பேர். அவர்கள் வந்துபோன பயணம் மட்டுமே ஏறத்தாழ 80,000 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று மிலன் க்ளோவரும் சக ஆய்வாளர்களும் 2020-ல் ‘நேச்சர்’ இதழில் கணக்குக் காட்டினார்கள். தலைக்குக் கிட்டத்தட்ட மூன்று டன். அதே கூட்டத்தைச் சிகாகோவுக்கு மாற்றினாலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. சிகாகோ சான் பிரான்சிஸ்கோவைவிடப் பசுமையான ஊர் என்று யாரும் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு அது நடுவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் தூரங்கள் சிறியவை. கணக்கும் கொஞ்சம் வேறு மாதிரிப் போகிறது. சென்னையிலிருந்து கொச்சிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறக்கும் 180 இருக்கை விமானம் சுமார் இரண்டரை டன் எரிபொருளைக் குடிக்கும். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு. இருக்கைக்கு 40 கிலோவுக்கு மேல் வருகிறது. போய்வர 80 கிலோவைத் தாண்டும். இது பெரிதுதான். ஆனால் நிறுவனங்கள் கணக்கெழுதுவதற்காகப் பிரிட்டன் அரசு வெளியிடும் பட்டியலைப் பார்த்தால் இந்திய ஓட்டல் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 60 கிலோவை ஒட்டிய எண் இருக்கிறது. பிரிட்டன் அறைக்கு அது பத்துக் கிலோ அளவுதான். நம் வெயில், அதற்காக ஓடும் ஏசி, அந்த ஏசிக்குப் பின்னால் எரியும் நிலக்கரி என்று மூன்றும் சேர்ந்த எண் அது. இரண்டு இரவு தங்கினால் அறை விமானத்தை முந்திவிடுகிறது. குளியலறையில் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டை இந்த எடையை அசைக்காது. இரவு ரயிலில் வருகிறவரோ இரண்டையும் ஒரே படுக்கையில் மிச்சப்படுத்திவிடுகிறார்: விமானமும் இல்லை, அந்த இரவுக்கு அறையும் இல்லை.

ரயில் ஓடும் மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று உடனே கேட்பார்கள். பெரும்பகுதி அப்படித்தான். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்ற கணக்கு ரயிலையும் விட்டுவைக்காது. ஆனால் இரும்புத் தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு. பதினாறு பெட்டி வந்தே பாரத் ஒன்றில் 1,128 பேர் உட்காருகிறார்கள். வண்டியின் மொத்தச் செலவை அத்தனை பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு வருவது விமானத்தின் சிறு துண்டுதான்.

அப்படியானால் எங்கேயும் போகாமல் சென்னையிலேயே நடத்தலாமே என்பது அடுத்த கேள்வி. நந்தம்பாக்கத்தில் வர்த்தக மையம் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது, ஆட்களில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். பல நிறுவனங்களுக்கு இதுவே சரியான விடையாக இருக்கக்கூடும். தடை தண்ணீர்.

ஜோலார்பேட்டை

நள்ளிரவை ஒட்டிக் கடந்துபோகும் இந்த நிலையத்தில் பார்க்க எதுவும் இல்லை. ஆனால் மாநாட்டுக்கு இடம் தேர்வு செய்கிறவர்கள் ஒரு நிமிடம் விழித்திருக்க வேண்டிய நிலையம் இது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. ஓட்டல்கள் தண்ணீரை அளந்து கொடுத்தன. தெருக்களில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. ஜூலையில் இங்கிருந்துதான் காவிரி நீர் ரயிலேறியது. வண்டிக்கு 50 டேங்கர்கள், 25 லட்சம் லிட்டர், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. நெம்மேலியில் 2024-ல் இன்னொரு கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தபிறகு நிலைமை தேறியிருக்கிறது. அந்தக் குடிநீருக்கும் மின்சாரக் கட்டணம் உண்டு. மே மாதச் சென்னையில் இருநூறு பேருக்கு ஷவரும் நீச்சல்குளமும் ஏற்பாடு செய்யும்போது அந்தத் தண்ணீர் யார் வீட்டுக் குடத்துக்குப் போயிருக்க வேண்டியது என்பதையும் சேர்த்துத்தான் ஊரின் பசுமையை அளக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் – உதகை

நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியலில் மேட்டுப்பாளையம் வந்து நிற்கிறது. எதிர் நடைமேடையில் மலை ரயில் தயாராக இருக்கும். குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் போடப்பட்ட 46 கிலோமீட்டர். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறும் வண்டி. 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் இருநூறு பேரை ஒருசேர அதில் ஏற்ற முடியாது. மாநாட்டுக்காரர்கள் கல்லாறு வழியாகச் சாலையில்தான் ஏறுவார்கள், ஆளுக்கொரு கார் இல்லாவிட்டாலும் மூன்று பேருக்கு ஒரு கார் என்று. பர்லியாறு வளைவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுக்கிவைத்திருக்கும் பழக்கடைக்காரர்களுக்கு அந்தக் கார்கள்தான் வாடிக்கை. கேத்திப் பள்ளத்தாக்கில் பனி விலகும் முன்பே பெண்கள் கேரட் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அது மூட்டையாகி, அதே சாலையில் லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். சீசனில் இறங்கும் லாரியும் ஏறும் காரும் வளைவுகளில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும். நெரிசலில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் கேரட் வாடுவது விவசாயியின் கணக்கில்.

இந்த மலை எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வி கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற டாஸ்மாக் திட்டம் 2022-ல் முதலில் தொடங்கியதும் நீலகிரியில்தான். காட்டுக்குள் வீசப்படும் கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பதுதான் அதற்குக் காரணம். மாநிலம் முழுக்க 2019-ல் பிளாஸ்டிக் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த மாவட்டம் தனக்குத் தானே ஒரு தடையைப் போட்டுக்கொண்டது. இவ்வளவு விதிகள் இருப்பதை உதகையின் பசுமைச் சான்றிதழாகப் பிரசுரங்கள் காட்டுகின்றன. விதிகளை மருத்துவரின் சீட்டாகப் படிப்பதே சரி என்பது என் எண்ணம். நோயாளி நலமாக இருந்தால் இத்தனை மாத்திரை எதற்கு?

உதகைக்குச் சாதகமான ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கே அறைக்கு ஏசி வேண்டாம். மேலே சொன்ன 60 கிலோவில் ஒரு நல்ல பங்கு இங்கே உதிர்ந்துவிடும், கீசரும் ஹீட்டரும் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டாலும். இரண்டாவது வாதம் இன்னும் கனமானது: சுற்றுலாதான் மலைக்காரர்களின் சோறு, மாநாடுகள் வராவிட்டால் வர்க்கி சுடுகிறவரும் டாக்சி ஓட்டுகிறவரும் என்ன செய்வார்கள்? ஆனால் மாநாடுகளும் விடுமுறைக் குடும்பங்களும் அதே ஏப்ரல், மே மாதங்களில் அதே அறைகளுக்குத்தான் போட்டியிடுகின்றன. உச்சவரம்பு இருக்கும் ஊரில் நிறுவனம் அனுப்பும் நாற்பது கார்கள், நாற்பது குடும்பங்களின் பாஸைத்தான் எடுத்துக்கொள்கின்றன. குடும்பங்கள் கடைத்தெருவில் வாங்கும். மாநாட்டுக்காரர்கள் ரிசார்ட் வாசலைத் தாண்டுவதே அரிது. சீசன் இல்லாத மாதத்தில், அறுபது பேருக்கு மிகாத கூட்டத்தை, பேருந்தில் அழைத்துவந்து நடத்தினால் என் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்

மலையிறங்கிக் கோவை வழியாக மேற்கே திரும்பினால் மதுக்கரை தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கிறது. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமான இந்த இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. பனைகள் கிழக்கே சாய்ந்து ஆடும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வேகமெடுக்கும்.

ரயிலை இவ்வளவு மெச்சியபிறகு வாளையாறு வரும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தண்டவாளம் யானை வழித்தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஓர் இரவில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. அதன்பிறகு தண்டவாளத்துக்கு அடியில் யானைகளுக்கான சுரங்கப்பாதைகள் கட்டப்பட்டன. மதுக்கரையில் 2024 பிப்ரவரி முதல் கோபுரங்களில் கேமராக்கள் வைத்து, யானை தென்பட்டால் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தகவல் போகும்படி ஏற்பாடு வந்தது. வனத்துறைப் பணியாளர்கள் இரவு முழுக்க அந்தத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரயிலுக்கும் விலை உண்டு. அந்த விலையைக் குறைக்க வழி கிடைத்திருக்கிறது என்பதுதான் வேறுபாடு. நூறு கார்கள் சேர்ந்து காட்டுச் சாலையில் போகும்போது அப்படி எந்தத் திரையிலும் யாரும் பார்ப்பதில்லை.

கொச்சி

பசுமை மாநாடு என்றதும் கொச்சியைச் சொல்வதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. நெடும்பாசேரி விமான நிலையம் 2015 ஆகஸ்டில், முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. 45 ஏக்கரில் 12 மெகாவாட் தகடுகள், தகடுகளுக்கு இடையே காய்கறி விளைகிறது, 2018-ல் ஐ.நா.வின் ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’ விருதும் வந்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சூரியனில் ஓடுவது கட்டடத்தின் விளக்கும் ஏசியும் பெட்டி நகர்த்தும் பட்டையும். வாசலில் நிற்கும் விமானம் எப்போதும்போலப் பெட்ரோலிய எரிபொருளில்தான் கிளம்புகிறது. “எங்கள் விருந்தினர்கள் சூரியசக்தி நிலையத்தில் வந்திறங்குவார்கள்” என்று பெருமையாகச் சொல்லும்போது அந்த 40 கிலோ எங்கேயும் போய்விடவில்லை.

எர்ணாகுளத்தில் ரயிலில் வந்திறங்குகிறவருக்குக் கொச்சி வேறு ஊர். சந்திப்பு நிலையத்திலிருந்து மெட்ரோ, உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய மின்கலப் படகுகள் சத்தமில்லாமல் வைப்பின் தீவுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் போய்வருகின்றன. மீன் கூடையோடு ஏறும் பெண்ணும் மடிக்கணினிப் பையோடு ஏறும் இளைஞனும் ஒரே கட்டணத்தில் உட்காருகிறார்கள். சீன வலைகளைப் பார்க்கத் தனி வண்டி ஏற்பாடு செய்யத் தேவையில்லாத சுற்றுலாத் தலம் தென்னிந்தியாவில் அபூர்வம். மாநாட்டுக்காரர்கள் ஊர்மக்களின் வண்டியிலேயே போக முடிகிற ஊருக்குத் தனி மதிப்பெண் கொடுக்கலாம். கொச்சி அதை வாங்கிவிடுகிறது.

வாங்கிய மதிப்பெண்ணைப் பிரம்மபுரம் கழிக்கிறது. 2023 மார்ச் 2-ல் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பத்து நாட்களுக்கு மேல் அடங்கவில்லை. நகரம் முழுக்கப் பிளாஸ்டிக் புகை, பள்ளிகளுக்கு விடுமுறை, மாநகராட்சிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாட்டர் மெட்ரோ தொடங்க அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. ஊர் தன் குப்பையை எங்கே கொட்டுகிறது என்று எந்தப் பிரசுரமும் சொல்வதில்லை. மாநாட்டு விருந்துகள்தான் பெருமளவு மீந்த சாப்பாட்டை உண்டாக்குகின்றன. பஃபே மேசையில் மூன்று மடங்கு வகைகளை அடுக்குவது மரியாதை என்றாகிவிட்டது. ஓட்டலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மீந்த சோறு இங்கேயே உரமாகிறதா, லாரி ஏறுகிறதா என்பதே. கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வைப்பதைப் பற்றிய கேள்வி அப்புறம் வரலாம்.

குமரகம்

கோட்டயத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். ஜி-20 தலைவர்களின் பிரதிநிதிகளான ஷெர்பாக்களின் இரண்டாவது கூட்டம் 2023 மார்ச் இறுதியில் இங்கே நடந்ததால் குமரகத்துக்கு மாநாட்டுத் தலம் என்ற பெயரும் சேர்ந்தது. அதற்கு முன்பே 2008-ல் கேரளத்தின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்துக்கு இது முதல் களங்களில் ஒன்றாக இருந்தது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை ஓட்டல்கள் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு இங்கே வேலை செய்தது. தட்டில் வரும் கரிமீன் பொள்ளிச்சதும் கப்பையும் சுற்றுவட்டாரத்துக் காயலும் தோட்டமும் கொடுத்தவை. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே வரப்புக் கட்டி நெல் விளைவிக்கும் விவசாயிகளின் முறையை 2013-ல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண்மையாக ஏற்றது. சாப்பாட்டு விஷயத்தில் மற்ற ஊர்கள் குமரகத்திடம் பாடம் கேட்கலாம். தங்கும் இடமாக என்றால் தயக்கம்தான். வேம்பநாட்டுக் காயலில் டீசல் படகுவீடுகள் ஏற்கெனவே நெருக்கியடிக்கின்றன. மாநாடு முடிந்ததும் எல்லாரையும் படகுவீட்டில் ஏற்றுவது எழுதாத சடங்கு. சிறிய குழுவுக்குச் சரிப்பட்டது இருநூறு பேருக்குச் சரிப்படாது.

கோயம்புத்தூர்

திரும்பும் வழியில், இந்தப் பட்டியலில் யாரும் எழுதாத ஊரில் இறங்கலாம். பம்புசெட்டும் கிரைண்டரும் நூலும் செய்கிற ஊர். பிரசுரத்தில் போடச் சட்டென்று ஒரு படம் அகப்படாது. ஆனால் சென்னையிலிருந்து சேரனும் நீலகிரியும் இரவு வண்டிகள், பகலுக்கு வந்தே பாரத். பெங்களூருவுக்கும் 2023 முடிவிலிருந்து வந்தே பாரத். எர்ணாகுளத்துக்கு நாளெல்லாம் வண்டிகள். பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரைக்கும் ஒன்று. நம் கற்பனை நிறுவனத்தின் நான்கு கிளைகளுக்கும் இது சிகாகோ. கண்காட்சிகளுக்காகவே சிறுதொழில் அதிபர்கள் கட்டிய கொடிசியா வளாகம் அவிநாசி சாலைப் பக்கம் இருக்கிறது. வளாகத்தைப் பயன்படுத்தக் காடழித்துப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.

ஊரைப்போலவே மாதமும் முக்கியம். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில், கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் கோவைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் சாரலும்தான் பருவம். ஜூலையில் சென்னையைவிட மூன்று நான்கு டிகிரி குறைவு. மாலையில் ஜன்னலைத் திறந்தால் பல அறைகளில் மின்விசிறியே போதும். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தருவதும் இதே மாதங்களில்தான். வாங்க ஆளில்லாமல் அவற்றை நிறுத்திவைத்த நாட்களும் உண்டு. மின்தொகுப்பு நாடு முழுக்க ஒன்றுதானே, கோவையில் எரியும் விளக்குக்குத் தனிக் காற்று மின்சாரம் வருகிறதா என்று பொறியாளர்கள் மடக்குவார்கள். வராது. காற்று மாதத்தில் எந்த ஊரில் கூடினாலும் தொகுப்பில் நிலக்கரியின் பங்கு கொஞ்சம் இறங்கியிருக்கும். கோவையில் அதோடு ஏசியின் தேவையும் இறங்கியிருக்கும் என்பதுதான் நான் சொல்வது.

“கோவையில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள். வேலைக்காகக் கூடுகிறவர்கள் ஒரு மலையையும் ஒரு காயலையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வளர்த்தது மாநாட்டு ஏற்பாட்டாளர்கள்தான். இரண்டு நாளும் ஏசி அரங்குக்குள் திரைபோட்டு வரைபடம் காட்டுகிறவர்களுக்கு வெளியே காயல் இருந்தாலும் ஒன்று, கண்காட்சி மைதானம் இருந்தாலும் ஒன்று. உற்சாகம் வேண்டுமென்றால் அதைச் சாப்பாட்டில் செலவழிக்கலாம். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், சந்தகை, கம்மங்கூழ், பொள்ளாச்சி இளநீர் என்று கொங்கு இலை ஒன்று போட்டால் பெங்களூருக்காரர் ஊருக்குப் போயும் அதைப் பேசுவார். இலையில் பரிமாறினால் கேட்டுக் கேட்டுப் போடுவார்கள், வீணாவது குறைவு. பஃபேவில் அந்தக் கணக்கை யாரும் வைப்பதில்லை. டெல்லியிலிருந்து வர வேண்டிய பத்துப் பேரைக் காணொளியில் இணைத்துவிட்டால் விமானத்தின் பெரும்பாரம் அவர்களோடு போய்விடும். கூட்டத்தை முழுக்கவே காணொளியில் நடத்தலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மாதாந்திரக் கூட்டங்களில் பலவற்றை அப்படித்தான் நடத்த வேண்டும். ஆண்டுக்கொருமுறை முகம் பார்த்துப் பேசுவதன் பயன் தனி. அதற்கு ஆகும் செலவைக் குறைப்பதுதான் இங்கே பேச்சு.

கோவைக்கும் அதன் பிரம்மபுரம் உண்டு: வெள்ளலூர் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் எரிந்து சுற்றுவட்டார வீடுகளைப் புகையில் மூழ்கடித்தது. சிறுவாணி நீர் கோடையில் சுருங்கும். ஆகவே மே மாதத்தில் கோவைக்கு மாநாடு கொண்டுவராதீர்கள், காற்று மாதங்களில் வாருங்கள். சமையல்காரரிடம் மீந்ததை எடுத்துச் செல்ல உரக்குழிக்காரரையோ பண்ணைக்காரரையோ முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கூட்டத்தைக் காலை பத்துக்கு மேல் தொடங்கினால் இரவு வண்டியில் வந்தவர்கள் குளித்துச் சாப்பிட நேரம் இருக்கும். இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் பரிமாறினால், சேரனுக்குப் போகிறவர்களுக்கு அன்றைய அறை வாடகையும் தேவைப்படாது.